தெய்வக்கனியோட வலது கண்ணு

முதல்ல வந்தது ஒரு சேவல்.

தெய்வக்கனி இலவசக் கண் முகாம்ல வலது கண்ணுக்கு லென்ஸ் வெச்சு, கட்டவுத்து, பச்சைத் துணிய நெத்திக்கு மேல தூக்கிப் போட்டுக்கிட்டு மத்தியானக் கஞ்சிக்கு உப்புக் குடோனுக்குள்ள வந்து உக்காந்தா. அந்த இருட்டுல அவ கண்ணுக்குள்ளருந்து ஒரு சேவல் கால்ல கட்டுன கயித்தோட வெளிய வந்து, எதுத்தாப்புல மலையாக் குவிச்சிருந்த உப்பு அம்பாரத்துல தலைகீழா நின்னுச்சு. நின்னு, கொண்டைய ஆட்டி, பின்னாலயே நடந்து, தின்ன அரிசிய ஒவ்வொண்ணா தரையில கக்கி வெச்சிட்டுப் போச்சு.

கஞ்சி குடிச்சிக்கிட்டிருந்த யாரும் அலறல. அலறதுக்கும் ஒரு தெம்பு வேணும்லா. விடியக் கருக்கல்லருந்து பாத்தியில உப்பு வாரி, கூடை சுமந்து, கால் விரலிடுக்கெல்லாம் வெந்து வந்து உக்காந்திருக்கற சனத்துக்கு முன்னால தலைகீழா சேவல் வந்தா என்ன, ஆனை வந்தா என்ன. பக்கத்து வீட்டுப் பரிபூரணம் மட்டும் ஊறுகாயை நாக்குலயே வெச்சிக்கிட்டு, "ஏட்டி கனி, அது எஞ் சேவல்லா? போன மாசம் காணாமப் போச்சே, உங் கண்ணுக்குள்ளயா ஒளிச்சு வெச்சிருந்த?"ன்னு கேட்டா.

கேட்டுக்கிட்டு இருக்கும்போதே அம்பாரத்துல கணக்கப்பிள்ளை ஆவுடையப்பன் வந்தாரு. அவரும் தலைகீழாத்தான் வந்தாரு. கையில இருந்த மஞ்சப்பையைத் திறந்து, உள்ளருந்து அதே சேவலை எடுத்து, பதமா தரையில விட்டாரு. விட்டுட்டு, அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துக்கிட்டே பின்னால நடந்து போயிட்டாரு.

பரிபூரணத்துக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "பாத்தியளா அந்த மனுசனை! எஞ் சேவலை எங்கயோ கண்டெடுத்துக் கொண்டாந்து விட்டிருக்காரு. நாமதான் அவரை வாய்க்கு வந்தபடி பேசுதோம்"ன்னு சொல்லி, அன்னைக்குச் சாயந்தரமே ஒரு சொம்பு பதநீர் கொண்டுபோய்க் குடுத்தா. ஆவுடையப்பன் அதை வாங்கிக் குடிக்கவும் முடியாம, வேண்டாம்னு சொல்லவும் முடியாம, முழுங்குன முழுங்கு இருக்கே, அது சேவலை முழுங்குனதை விடக் கஷ்டமா இருந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் படத்துல பரிபூரணமே வந்தா. டீயை வாய்க்குள்ளருந்து எடுத்து கிளாஸ்ல ஊத்துனா, கிளாஸ் நிறைஞ்சதும் பொங்கப் பொங்கக் கொண்டுபோய் அடுப்புப் பாத்திரத்துக்கே குடுத்துட்டு வந்தா. அப்பதான் சனத்துக்கு உறைச்சது. படம் பின்னால ஓடுது. அப்போ ஆவுடையப்பன் பையிலருந்து சேவலை எடுத்து விடல, புடிச்சுப் பையில போட்டுக்கிட்டுப் போய், கயித்துல கட்டி அரிசி போட்டு வளத்திருக்காரு. பதநீர் சொம்பைத் திருப்பிக் கேட்டு பரிபூரணம் போட்ட சத்தம் கடல் வரைக்கும் கேட்டுச்சு.

தெய்வக்கனிக்கு இன்னும் அம்பது ஆகல. ஆனா உப்பு மேல விழுற வெயிலு சும்மா விழுந்துட்டுப் போற வெயிலு இல்ல. கீழ போய் மோதி, வெள்ளையை அள்ளிக்கிட்டு மேல வந்து கண்ணுல அறையும். அப்படி அறைஞ்சு அறைஞ்சு ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து, வருசக்கணக்கா அவளுக்கு ஆளு, ஆடு, அம்பாரம் எல்லாம் ஒரே கஞ்சித்தண்ணியாத்தான் தெரிஞ்சது. வலது கண்ணை இப்ப பண்ணியாச்சு, இடது கண்ணு அடுத்த முகாமுக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

கண்ணைப் பாக்க வேன்ல வந்த நர்சம்மாவைக் குடோனுக்குள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுனாங்க. அவ அம்பாரத்துல தலைகீழாத் துணி துவைக்கிற பொம்பளைங்களை ஒரு பார்வை பாத்துட்டு, "சொட்டு மருந்து ஒழுங்கா விடுறீங்களாம்மா?"ன்னு கேட்டா. அப்புறம்தான் விளக்கம் சொன்னா.

"பழைய லென்ஸு அவிச்ச முட்டை கணக்கா வெளுத்துப் போயிருந்துச்சும்மா. உள்ள போன வெளிச்சம் எங்க போய்ச் சேரணும்னு தெரியாம அங்கயே சுத்திக்கிட்டு கெடந்திருக்கும். இப்ப நல்ல லென்ஸ் வெச்சாச்சு. லென்ஸுக்கு வேலையே வெளிச்சத்தை வளைச்சு ஒரு எடத்துல கொண்டு சேக்குறதுதான். உள்ள வர்றதைச் சேக்குது, வெளிய போறதையும் சேக்குது. அவ்வளவுதான்."

"ஏன் நர்சம்மா தலைகீழா வருது?"ன்னா பரிபூரணம்.

"எல்லார் கண்ணுலயும் தலைகீழாத்தான் விழும். மூளை அதை நிமித்தி வெச்சிக்கும். அம்பாரத்துக்கு ஏது மூளை?"

"பின்னால ஓடுதே?"

அதுக்கு நர்சம்மா யோசிச்சா. அதுக்குள்ள பரிபூரணமே சொல்லிட்டா. "நெருக்கிக்கிட்டு ஏறுற பஸ்ஸுல கடைசியா ஏறுனவன் தானே முதல்ல எறங்குவான்." நர்சம்மா அதை ஒத்துக்கிட்டு, குனியக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வேன் ஏறிட்டா.

அதுக்கப்புறம் ஊரு அந்தக் கண்ணை, புதுசா வந்த குடிதண்ணிக் குழாயை ஏத்துக்கிட்ட மாதிரி ஏத்துக்கிச்சு. எங்க உக்காரணும்னு கண்டுபிடிச்சாங்க. தெய்வக்கனி அம்பாரத்துக்கு ரொம்பக் கிட்டப் போனா படம் மோராக் கலங்கும், ரொம்பத் தள்ளிப் போனா தண்ணிமோராப் போயிரும், ரெண்டு கை நீளம் தள்ளி உக்காந்தா மட்டும் பாக்கு வெட்டுன மாதிரி துல்லியமா விழும். அந்த எடத்துல ஒரு பலகையைப் போட்டு அவளை உக்கார வெச்சாங்க. தலைகீழாத் தெரியறவங்களை நேராப் பாக்க, சனம் உப்பு மூட்டை மேல மல்லாந்து படுத்து தலையைத் தொங்கப்போட்டுப் பழகுச்சு. சுளுக்கு எடுக்கறவனுக்கு வாழ்வு வந்துச்சு. அவங்கவங்க வீட்டு ஆள் படம் விழுந்த எடத்து உப்பைச் சுரண்டி டப்பாவுல போட்டுக்கிட்டுப் போனவங்க உண்டு. மாமியார் முகம் விழுந்த உப்பை மருமக மறந்துபோய் மீன் கொழம்புல போட்டுட்டு, கொழம்பு கரிக்குதுன்னு புருசன் சொல்லவும், "உங்கம்மா எப்பவும் அப்படித்தான்"ன்னு சொன்ன கதையும் உண்டு.

"நீ தலைகீழாப் படுத்தா படம் நேரா விழும்லா, எங்களுக்குக் கழுத்து மிச்சம்"ன்னு ஆவுடையப்பன் ஒருநாள் சொன்னாரு. சேவல் விசயத்துக்கு அப்புறம் அவரு நல்ல பேரு வாங்கறதுக்காக இந்த வேலையெல்லாம் தன் தலையில போட்டுக்கிட்டாரு. அவரு சொன்ன மாதிரியே தெய்வக்கனியும் மூட்டையில மல்லாந்து தலையைத் தொங்கப்போட்டா. படம் நேரா விழுந்துச்சு. ஊரு கை தட்டுச்சு. ஆனா தலையும் தொங்கிக்கிட்டு இருக்கவே, தெய்வக்கனிக்கு அப்பவும் தலைகீழாத்தான் தெரிஞ்சது. அவ நிமிந்தா அது கவுந்துச்சு, அவ கவுந்தா அது நிமிந்துச்சு. அவ கண்ணுலருந்து வர்றது அவ கண்ணுக்கு மட்டும் நேராகவே நேராகாது. தலை சுத்தி வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

இதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. ஒரு தடவை வெளிய வந்த வெளிச்சம் வந்ததுதான், திரும்ப வராது. வெயில்ல அவ கண்ணைத் திறந்துக்கிட்டு நடந்தா அது பாட்டுக்கு வெளிய கொட்டிக்கிட்டே போவும், பகல் வெளிச்சத்துல யாருக்கும் தெரியாமக் கரைஞ்சு போவும். ஊருக்கு அது பொறுக்கல. உள்ள இருக்கறது எல்லார் வீட்டுச் சொத்துல்லா. செத்துப்போன அப்பன், வித்துப்போட்ட மாடு, இடிஞ்சுபோன வீடு, எல்லாம் அந்தக் கண்ணுக்குள்ள வரிசையில நிக்குது. பரிபூரணத்தோட புருசன் கூட உள்ளதான் இருந்தாரு. அவரு செத்து மூணு வருசத்துக்கும் மேல ஆச்சு. போட்டோ ஒண்ணும் எடுத்து வைக்கல. அதனால அவரு வர்ற நாளைத்தான் அவ பாத்துக்கிட்டு இருந்தா.

எல்லாருமாச் சேந்து முடிவு பண்ணாங்க. குடோனுக்கு வெளிய வந்தா தெய்வக்கனி வலது கண்ணைக் கட்டிக்கணும்.

"அப்ப நான் எதை வெச்சுப் பாக்க?"ன்னா அவ.

"இடது கண்ணுதான் இருக்கே"ன்னாங்க.

இடது கண்ணுல கஞ்சித்தண்ணி. ஆனா எதுத்துப் பேச அவளுக்குச் சடவா, அலுப்பா இருந்துச்சு. அதனால, பாக்கறதுக்காகப் பண்ணிக்கிட்ட கண்ணைக் கட்டிக்கிட்டு, பாக்க முடியாத கண்ணோட பழையபடியே பாத்தியில தடவித் தடவி உப்பு வாருனா. மத்தியானம் கட்டவுத்து ஊருக்குப் படம் காட்டுனா. முடிஞ்சதும் பரிபூரணம் பின்னால நின்னு இறுக்கிக் கட்டிவிட்டா. கண்ணு வலிச்சுது. கழுத்து வலிச்சுது. அவளுக்கு மட்டும் சுளுக்கு எடுக்கறவன் இனாமாப் பாத்தான், அதுல ஒண்ணும் குறை சொல்லக் கூடாது.

அவ பொறுத்துக்கிட்டதுக்கு ஒரே காரணம் வடிவு.

வடிவு அவ மவ. அப்பன் இல்லாத புள்ள. மூணு வருசத்துக்கு முந்தி, "நான் உப்புக்கு வரமாட்டேன், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறேன்"ன்னா. தெய்வக்கனி போவாதன்னு சொன்னா, ரெண்டு பேரும் வாரக்கணக்கா மல்லுக்கட்டுனாங்க, கடைசில ஆள் கூட்டிட்டுப் போற வேன் வந்த அன்னைக்கு வாசல்ல நின்னு, "போயிட்டு வாரேம்மா"ன்னா. தெய்வக்கனிக்கு வாசல் தெரிஞ்சுது, வாசல் முழுக்க உப்பளத்து வெயிலு தெரிஞ்சுது, அதுக்குள்ள மவ முகம் தெரியல. "போ"ன்னு மட்டும் சொன்னா. அதுக்கப்புறம் ஒரு பேச்சும் இல்ல. வடிவு போன் பண்ணல. இவளும் பண்ணச் சொல்லல.

பரிபூரணம் சொன்னா, அந்தப் புள்ள அழுதுக்கிட்டேதான் போச்சுன்னு. கொழாயடியில நின்ன மத்தவளுக சொன்னாளுக, சிரிச்ச முகமாத்தான் வாசல்ல நின்னான்னு. தெய்வக்கனி அதை வெச்சுக்கிட்டு மூணு வருசமா உள்ளுக்குள்ளயே அரைச்சுக்கிட்டு இருந்தா. அழுதுட்டுப் போயிருந்தா போய்க் கூட்டிட்டு வந்துரலாம். சிரிச்சுட்டுப் போயிருந்தா, போய் நிக்க நமக்கு என்ன மூஞ்சி இருக்கு, நல்லா இருக்கட்டும்னு விட்டுரலாம். அந்த முகம் அன்னைக்கு அவ கண்ணுக்குள்ள போயிருக்கு. அவதான் பாக்கல. அது வெளிய வர்ற வரைக்கும் கட்டுனா கட்டட்டும், வலிச்சா வலிக்கட்டும்.

படம் பின்னால போச்சு. மழை தரையிலருந்து வானத்துக்குப் போச்சு. அம்பாரத்துலருந்து உப்பு கூடைக்கு ஏறி, கூடை தலைக்கு ஏறி, பொம்பளைங்க பின்னாலயே நடந்து போய் அதைப் பாத்தியில பரப்பிட்டு, கரைஞ்சு தண்ணியாகட்டும்னு விட்டுட்டு வந்தாங்க. தெய்வக்கனி சும்மா கண்ணை ஓட்டுன நாளெல்லாம் விசுக்குனு ஓடுச்சு. எதைப் பாத்து மலைச்சு உக்காந்திருந்தாளோ அது மட்டும் மெதுவாப் போச்சு. கணக்கப்பிள்ளை வேலை நேரத்துல வாயைத் திறந்துக்கிட்டு தூங்குனது ரொம்ப மெதுவாப் போச்சு. "இதை ஏன்ம்மா இவ்வளவு நேரம் பாத்த?"ன்னு அவரு நொந்துக்கிட்டாரு. "நான் எங்க அண்ணாச்சி பாத்தேன்? மூட்டைன்னு நெனச்சு சாஞ்சு உக்காரலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்"ன்னா இவ.

ஊருக்கும் தெரியும், வடிவு போன நாள் நெருங்குதுன்னு. கோயில் கொடைக்கு நாள் பாக்கிற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தாங்க. சிரிச்சான்னு ஒரு கட்சி, அழுதான்னு ஒரு கட்சி. வந்த அன்னைக்குக் குடோன்ல மூட்டை மேல எடம் இல்ல.

முதல்ல வெறும் வாசல் வந்துச்சு. வெள்ளை வெளேர்னு, தலைகீழா. அப்புறம் தூரத்துல வேன் பின்னாலயே வந்து நின்னுச்சு. அதுலருந்து வடிவு எறங்கி, முதுகைக் காட்டிக்கிட்டு பின்னாலயே நடந்து, பெருசாகிப் பெருசாகி வாசல் வரைக்கும் வந்தா. வந்து திரும்புனா.

அழுதுக்கிட்டு இருந்தா. "நான் சொன்னேன்லா!"ன்னா பரிபூரணம்.

தாடையிலருந்து கண்ணீர் எழும்பி, கன்னத்து வழியாப் போய் கண்ணுக்குள்ள புகுந்துச்சு. ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. கண்ணு காய்ஞ்சுது. முகம் கொஞ்சம் கொஞ்சமா மலந்துச்சு. வாயைப் பொத்திக்கிட்டு, தோளைக் குறுக்கிக்கிட்டு, சத்தம் வராம சிரிச்சுக்கிட்டு, அசையாம நின்னா. கண்ணு தெரியாத ஆத்தாளை ஏமாத்தி வெளையாடுறதுக்கு சின்னதுலருந்தே அவ அப்படித்தான் நிப்பா. போயிட்டேன்னு சொல்லிட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு, ஆத்தா எப்ப கண்டுபிடிப்பான்னு பாப்பா. "நாங்க சொன்னோம்லா, சிரிச்சான்னு!"ன்னுச்சு மத்த கட்சி. ரெண்டு கட்சிக்கும் சண்டை மூண்டுச்சு.

தெய்வக்கனிக்கு அந்தச் சண்டை காதுல விழல. பின்னால ஓடுறதை முன்னால ஓட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா. வடிவு "போயிட்டு வாரேம்மா"ன்னு சொல்லியிருக்கா. இவ "போ"ன்னுருக்கா. வடிவு போகாம, சிரிப்பை அடக்கிக்கிட்டு வாசல்லயே நின்னுருக்கா. ரொம்ப நேரம். அப்புறம் என்னமோ ஒண்ணு கேட்டு அந்தச் சிரிப்பு அப்படியே வடிஞ்சு, அழுகை வந்து, திரும்பிப் போயிருக்கா.

படத்துக்குச் சத்தம் கிடையாது. ஆனா அந்த வீட்டுக்குள்ள அன்னைக்கு இருந்தது ரெண்டே பேரு. வடிவு கேட்டது என்னன்னு தெய்வக்கனிக்குத் தெரியும். போயிட்டான்னு நெனச்சுக்கிட்டு, காலை நீட்டி உக்காந்து, அலுப்போட அலுப்பா இவ வாய் விட்டுச் சொன்னது.

"அப்பாடா. இனி ஒருத்திக்குச் சோத்து ஒலை வெச்சாப் போதும்."

கோவத்துல சொல்லல. மவ போறது பிடிச்சுச் சொல்லல. நாளெல்லாம் உப்பு சுமந்துட்டு வந்தவ, இடுப்பு வலியில வாய்க்கு வந்ததைச் சொல்லி வெச்சா. சொன்னதும் மறந்துட்டா. கேட்டவ மறக்கல.

"ஏம்மா கனி, இனி உனக்குத் திருவிழாதான்"ன்னாரு ஆவுடையப்பன், சண்டையை விலக்கிவிட்டுட்டு. "இனிமே பின்னால போகப் போக உம் மவ தெனமும் வருவா பாரு. சோறு திம்பா, தலை பின்னுவா, பள்ளிக்கூடம் போவா. கடைசில கொழுகொழுன்னு சின்னப்புள்ளையா வருவா. யாருக்குக் கெடைக்கும்?"

வாஸ்தவம்தான். மறுநாள் மத்தியானமே வடிவு வந்தா, கோவமா வாயாடிக்கிட்டு. அதுக்கு மறுநாள் தலை துவட்டிக்கிட்டு வந்தா. தெய்வக்கனி தலையை இந்தப் பக்கம் சாய்ச்சுப் பாத்தா, அந்தப் பக்கம் சாய்ச்சுப் பாத்தா. கூட்டமெல்லாம் மூட்டையில தொங்கிக்கிட்டு அவ மவளை நேராப் பாத்துச்சு. அவளுக்கு மட்டும் வடிவு கூரையிலருந்து தொங்குற வௌவால் கணக்காத்தான் இருந்தா.

அன்னைக்குப் படம் முடியறதுக்கு முந்தியே அவ பலகையிலருந்து எந்திரிச்சா.

"எங்கட்டி போற?"

"திருப்பூருக்கு. எம் மவளை நேராப் பாக்கணும்."

குடோனே எந்திரிச்சுருச்சு. பாதிக் கதையில போனா எப்படி, எங்கப்பா இன்னும் வரலையே, எங்க வீட்டு மாடு வரலையே. வழியை மறிச்சு நின்னாரு ஆவுடையப்பன். "போகட்டும், யாரு வேண்டாம்னா? தாராளமாப் போகட்டும். கண்ணைக் கட்டிட்டுப் போகட்டும். போயிட்டு வந்து மிச்சத்தை விடட்டும்."

அது எல்லாருக்கும் நியாயமாப் பட்டுச்சு. பரிபூரணம் துணியை எடுத்துக்கிட்டு அவ பின்னால வந்து நின்னு கட்டி, முடிச்சுப் போட்டா.

"கட்டிட்டுப் போனா, நான் அங்க போய் யாரைப் பாக்க?"ன்னா தெய்வக்கனி. சத்தமாக் கேக்கல. "மறுபடியும் வாசலு தெரியும். வெளிச்சம் தெரியும். நடுவுல அவ நிப்பா. சிரிக்கிறாளா அழுகுறாளான்னு திரும்பவும் உங்க கிட்டத்தான் வந்து கேக்கணும்."

தெய்வக்கனி பரிபூரணத்துப் பக்கமாத் திரும்புனா. "மதினி. அண்ணன் உள்ள இருக்காரு. எனக்குத் தெரியும். நீ வேண்டாம்னா நான் அவுக்கல."

பரிபூரணம் மூக்கை உறிஞ்சிக்கிட்டா. அப்புறம் அவளுக்குக் கோவம் வந்துச்சு. யாரு மேலன்னு அவளுக்கே தெரியல.

"அவரு உசிரோட இருந்தப்பவே ஒருநாள் நேரத்துக்கு வீடு வந்து சேந்ததில்ல. இப்ப மட்டும் வந்து என்னத்தைக் கிழிக்கப் போறாரு? அதும் தலைகீழா. குடிச்சிட்டு வந்தப்ப அந்தக் கோலத்தையும் பாத்தவதான் நான்." சொல்லிக்கிட்டே அவ போட்ட முடிச்சை அவளே அவுத்தா. "ஏன் அண்ணாச்சி மறிச்சுக்கிட்டு நிக்கிய? நவுரும். இல்ல, எஞ் சேவல் கதையை மொதல்லருந்து சொல்லவா?"

ஆவுடையப்பன் நவுந்துட்டாரு.

வெளிய உச்சி வெயிலு. ஊரு கட்டச் சொன்னதுக்கப்புறம் முதல் தடவையா அந்தக் கண்ணு திறந்தபடி வெயிலுக்கு வந்துச்சு. உப்பளம் முழுக்கத் தண்ணிக்குள்ள வானம் கெடந்துச்சு. தெய்வக்கனி கொஞ்சம் நின்னு அதைப் பாத்தா, அப்புறம் வரப்பு மேல நடந்தா. அவ பாத்த பக்கமெல்லாம் அவ கண்ணுக்குள்ளருந்து சனம் எறங்கிப் போய்க்கிட்டே இருந்துச்சு. யாரோ ஒருத்தர் அப்பா, யாரோ ஒருத்தர் மாடு, தள்ளாடிக்கிட்டே பரிபூரணத்துப் புருசன், ரெட்டைச் சடையில வடிவு, பாவாடை சட்டையில வடிவு. ஒருத்தரும் ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாம வெயில்ல கரைஞ்சாங்க.

பரிபூரணம் ரோடு வரைக்கும் கூட வந்து, வடிவு இருக்கற தெருப்பேரை நாலு தரம் சொல்லிக் குடுத்து, பஸ்ஸுல ஏத்திவிட்டா. அவளுக்கு அந்த விலாசம் எப்படித் தெரியும்னு தெய்வக்கனி கேக்கல. மூணு வருசமா கேக்காததை இப்ப கேட்டு என்ன.

ஜன்னலோரம் எடம் கெடைச்சுது. வெயிலு நேரா வந்து முகத்துல அடிச்சுச்சு, புதுக் கண்ணு கூசித் தண்ணி கொட்டுச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பையன், கையில ஆபீஸ் பையோட இருந்தவன், பாவப்பட்டு, "யம்மா, ஷட்டரை இறக்கிவிடவா? கண்ணுல படுதே"ன்னான்.

"வேண்டாம்யா. போறது போவட்டும்"ன்னா தெய்வக்கனி. சொல்லிட்டு, கண்ணைத் தொடச்சுக்கிட்டு, ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு ஏறி எறங்குற முகம் ஒவ்வொண்ணையும், நெத்தி மேலயும் தாடை கீழயுமா இருக்கறதை, பாத்துப் பழகிக்கிட்டே போனா.